கோனி டாக் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெட்ராயிட் நகரின் மையத்தில், லாஃபயெட் தெருவில், இரண்டு கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒன்று, கிரேக்க நாட்டிலிருந்து வந்த கஸ் கெரோஸ் 1917இல் தொடங்கிய அமெரிக்கன் கோனி ஐலண்ட். பக்கத்துக் கதவு, அவருடைய சகோதரரின் வழியில் வந்த லாஃபயெட் கோனி ஐலண்ட். இரண்டிலும் தட்டில் வருவது ஏறக்குறைய ஒரே பண்டம்தான்: கோனி டாக், சுருக்கமாகக் கோனி என்ற ஒரு வகை ஹாட் டாக். ஆவியில் மெத்தென்றான பன், அதற்குள் தோல் விறைத்த சாசேஜ், மேலே பீன்ஸ் சேராத நைசான இறைச்சி சாஸ், ஒரு கோடு மஞ்சள் கடுகு சாஸ், ஒரு கை நறுக்கிய வெங்காயம். எந்தக் கடை மேல் என்று அந்த ஊர்க் குடும்பங்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வாதம் நடக்கிறது.

கோனி ஐலண்ட் என்பது நியூயார்க்கின் கடற்கரை. பெயர் மட்டும்தான் அங்கிருந்து வந்தது. கிரேக்கரும் மாசிடோனியரும் நியூயார்க் வழியாக அமெரிக்காவுக்குள் வந்து, மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா எனப் பரவி, ஆங்காங்கே இந்தச் சாஸைத் தங்கள் கைப்பக்குவத்தில் காய்ச்சினார்கள். அதனால்தான் 100 கிலோமீட்டர் நகர்ந்தால் சாஸும் மாறுகிறது.

நான் மிச்சிகனில் குடியிருக்கிறேன். பல வருடங்களாக வீட்டில் இதைச் செய்கிறேன். ஒவ்வொரு முறை தவறும்போதும் குறிப்பு எழுதி வைத்தேன். அந்தக் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகளுக்கு அடியில் ஒன்றே இருக்கிறது: இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. சாஸில், பன்னில், சாசேஜின் தோல்மேல், வெங்காயத்தில், எங்கே பார்த்தாலும் இதே கதைதான். ஏதாவது சரியில்லை என்றால் முதலில் மசாலா டப்பாவைத் திறக்காதீர்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டும். நான் செய்வது டெட்ராயிட் பாணியை ஒட்டியது: 500 கிராம் நைசாக அரைத்த மாட்டிறைச்சி, 600 மில்லி குளிர்ந்த தண்ணீர், துருவிய பெரிய வெங்காயம் பாதி, நசுக்கிய பூண்டு 3 பல், காரமில்லாத பாப்ரிகா (நிறத்துக்குப் போடும் ஒரு வகைச் சிவப்பு மிளகாய்த்தூள்) 1 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, உலர்ந்த ஆரெகானோ அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி, பொடித்த உப்பு பிஸ்கட் 2 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. உப்பு கடைசியில். மூடாமல், சிறு தீயில், ஒன்றேகால் மணி நேரம். 10 முதல் 12 கோனிக்கு வரும்.

“இறைச்சி கட்டி கட்டியாக நிற்கிறது”

இதுதான் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு, காரணமும் நம் சமையல் பழக்கத்திலேயே இருக்கிறது. கொத்துக்கறி என்றால் கை தானாகவே எண்ணெய் காயவைத்து, வெங்காயம் வதக்கி, கறியை அதில் போட்டுப் பிரட்டும். நம் வறுவலுக்கு அது சரி. இங்கே அதுதான் தவறு. சூடான சட்டியில் விழுந்த நொடியில் இறைச்சியின் புரதம் இறுகி, பக்கத்துத் துணுக்கோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் கரண்டியால் எவ்வளவு குத்தினாலும் உளுந்து அளவுக்குத்தான் உடையும், ரவை அளவுக்கு வராது.

வழி: பச்சை இறைச்சியைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. கையை விட்டுப் பிசைந்து, கஞ்சி போல முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. அப்படியே அடுப்பில் ஏற்றி, மெல்லச் சூடேறும்போது கிளறிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு துணுக்கும் தண்ணீருக்குள் தனித்தனியாக வெந்து ஒரே சீரான மணலாக வரும். ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் ‘சில்லி’ என்று அழைக்கும் இறைச்சி சாஸையும் இப்படிப் பச்சையாகத் தண்ணீரில் கரைத்துத்தான் தொடங்குகிறார்கள்.

ஏற்கெனவே கட்டி விழுந்துவிட்டதா? முழுவதும் வேகவிட்டு, ஆறவிட்டு, மிக்ஸியில் கால் பங்கு கால் பங்காக எடுத்து இரண்டே இரண்டு சுற்று விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும். உருளைக்கிழங்கு மசிக்கும் மத்து இருந்தால் அதைவிட நல்லது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: கறிக்கடையில் கத்தியால் கொத்தித் தரும் கறி இதற்குப் பெரிது. இயந்திரத்தில் சிறிய தட்டுப் போட்டு இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

“வாயில் வைக்க முடியாத காரம்”

மதுரையில் இருக்கும் என் தங்கை ஒரு அமெரிக்கச் செய்முறையைப் பார்த்துச் செய்துவிட்டு அழைத்தாள். “அண்ணா, எழுதியிருந்தபடியேதான் போட்டேன். பிள்ளைங்க ஒரு வாய்கூடச் சாப்பிடல.” என்ன போட்டாய் என்று கேட்டேன். “மூணு ஸ்பூன் மிளகாய்த்தூள்.” அதுவும் மேசைக்கரண்டி. அதுவும் அம்மா வெயிலில் காயவைத்து அரைத்துக் கொடுத்த தூள்.

அவள்மீது தவறே இல்லை. அமெரிக்கச் செய்முறையில் ‘சில்லி பவுடர்’ என்று இருந்தால் அது நம் மிளகாய்த்தூள் அல்ல. காரம் குறைந்த, உலர்ந்த மெக்சிக மிளகாயோடு சீரகம், ஆரெகானோ, பூண்டுத்தூள், சில பிராண்டுகளில் உப்பும் சேர்ந்த கலவை அது. டெக்ஸாஸில் 1890களிலேயே சீசாவில் அடைத்து விற்கத் தொடங்கிய பழைய சரக்கு. நிறமும் வாசனையும்தான் அதன் வேலை. காரம் பின்னால் இலேசாக வரும்.

அந்தக் கலவை கிடைக்காத இடத்தில் 2 மேசைக்கரண்டிக்கு ஈடாக இதைச் செய்துகொள்ளுங்கள்: காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, பூண்டுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஆரெகானோ அரைத் தேக்கரண்டி. பீட்சாவோடு வரும் சிறு பொட்டலத்து ஆரெகானோ வேண்டாம், அதில் பெரும்பாலும் உப்பும் மிளகாய்ச் செதிலும் கலந்திருக்கும். குண்டு மிளகாய், குண்டூர் மிளகாய் இரண்டும் இதற்கு ஆகாது.

காரம் ஏறிப்போன சாஸைக் காப்பாற்ற ஒரே நேர்மையான வழி, காரமே சேர்க்காமல் இன்னொரு பங்கு இறைச்சியை வேறு சட்டியில் வேகவைத்து இரண்டையும் கலப்பது. சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் கெட்சப் சுவை வந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சீசாவில் வரும் ‘சில்லி சாஸ்’ எதுவும் இந்தச் சாஸ் ஆகாது. அமெரிக்கச் சீசா என்றால் இனிப்பான தக்காளி, நம் ஊர்ச் சீன உணவுச் சீசா என்றால் வினிகரில் ஊறிய மிளகாய். கோனியின் மேல் போவது இறைச்சி.

“கறிக்குழம்பு வாசனை அடிக்கிறது”

கொத்தமல்லித்தூள், சோம்பு, கறிவேப்பிலை, இஞ்சி, இவற்றில் ஏதாவது உள்ளே போயிருக்கும். நான்கும் நல்ல பொருள்கள், இங்கே அவற்றுக்கு இடமில்லை. மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி போனாலும் மூக்கு நேராக ஊருக்குப் போய்விடுகிறது.

ஆனால் பட்டை வாசனை வந்தால் அது பிழை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். எந்த ஊர்ப் பாணியைச் செய்கிறீர்கள் என்று பாருங்கள். சின்சினாட்டியில் 1922இல் எம்ப்ரஸ் என்ற நாடகக் கொட்டகையின் பக்கத்தில் கடை போட்ட கிராஜீஃப் சகோதரர்கள் மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணில் இறைச்சிக் குழம்புக்குப் பட்டையும், பட்டை கிராம்பு ஜாதிக்காய் மூன்றின் மணமும் ஒன்றாக அடிக்கும் ஆல்ஸ்பைஸ் என்ற உலர்ந்த காயும் போடுவது வழக்கம். அதை அப்படியே சில்லிக்குள் கொண்டுவந்தார்கள். கிராம்பும் சேரும். 1949இல் கிரேக்கரான நிக்கலஸ் லாம்ப்ரினிடிஸ் தொடங்கிய ஸ்கைலைன் கடையிலும் இதே குடும்பத்துச் சுவைதான். டெட்ராயிட் சாஸில் சீரகமும் பாப்ரிகாவும் முன்னால் நிற்கும். பட்டை கேட்டும் கேட்காமலும் இருக்கும்.

சின்சினாட்டி பாணி என்றாலும் அளவு முக்கியம். 500 கிராம் இறைச்சிக்குப் பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் கால் தேக்கரண்டி, கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை. பிரியாணிக்குப் போடும் கையோடு போட்டால் கிராம்பு எல்லாவற்றையும் மூடிவிடும். நான் முழுப் பட்டையைப் போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறேன். அப்படிச் செய்தால் கட்டுப்பாடு கையில் இருக்கிறது.

“சாஸ் தண்ணீராக ஓடுகிறது”, “சாஸ் உலர்ந்து உதிர்கிறது”

இரண்டும் எதிரெதிர்ப் புகார்கள். ஆனால் மிச்சிகனுக்குள்ளேயே இரண்டும் சரியாக இருக்கும் இரண்டு ஊர்கள் உண்டு. டெட்ராயிட் சாஸ் ஈரமானது, கரண்டியிலிருந்து மெல்ல வழியும். அங்கிருந்து வடமேற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் ஃபிளிண்ட். அங்கே சாஸ் என்றே சொல்ல முடியாது, ஈரப்பொடி மாதிரி சாசேஜ்மேல் குவிந்து நிற்கும். மாட்டின் இதயத்தை மிக நைசாக அரைத்துச் செய்வது அதன் அடையாளம். 1916இல் தொடங்கிய கேகல் நிறுவனத்தின் சாசேஜ், அபட்ஸ் நிறுவனத்தின் இறைச்சிப் பொடி, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஃபிளிண்ட் கோனி என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஆக, உங்கள் சட்டியில் இருப்பது உதிர்ந்தால் அதை ஃபிளிண்ட் என்று அழைக்கலாம், ருசி இருக்கும்வரை.

டெட்ராயிட் பாணியில் சரியான பதத்துக்கு எனக்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி சாஸ் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். சுற்றிலும் தெளிந்த நீர் வளையம் பிரிந்து வந்தால் இன்னும் கொதிக்க வேண்டும். வளையமே இல்லாமல் குன்று மாதிரி அசையாமல் நின்றால் கால் கப் வெந்நீர் ஊற்ற வேண்டும். குன்று மெல்லத் தளர்ந்து, விளிம்பில் பளபளப்பு மட்டும் தெரிந்தால் இறக்கிவிடலாம்.

நீர் வளையம் பிரிந்துகொண்டே இருந்தால் பிஸ்கட் பொடியை இன்னும் ஒரு மேசைக்கரண்டி தூவி 10 நிமிடம் விடுங்கள். சோள மாவு வேண்டாம். கண்ணாடி போன்ற வழவழப்பைக் கொடுக்கும், உறையவைத்து எடுத்தால் நீர் கக்கும். இனிப்பு பிஸ்கட்டும் ரஸ்க்கும் சேர்க்கக் கூடாது. உப்பு பிஸ்கட் இல்லாவிட்டால் காய்ந்த பிரெட் தூள் போதும்.

குக்கரில் செய்தவர்களுக்கு இந்தக் கோளாறு கட்டாயம் வரும். குக்கர் தண்ணீரை வெளியே விடாது. மாட்டின் இதயம் போன்ற கெட்டி இறைச்சியை மிருதுவாக்கக் குக்கர் நல்ல உதவி. ஆனால் அதன்பிறகு மூடியைத் திறந்து, வற்றவைக்கும் நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில்தான் நிறம் கருஞ்சிவப்பாகிறது.

“மேலே எண்ணெய் மிதக்கிறது”

20 சதவீதக் கொழுப்புள்ள இறைச்சியில் இது இயல்பு. அவசரம் இல்லையென்றால் சாஸை முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் கொழுப்பு வெள்ளைத் தகடாக மேலே உறைந்திருக்கும். முழுவதையும் எறியாதீர்கள். பாப்ரிகாவின் நிறமும் மசாலாவின் வாசனையும் அந்தக் கொழுப்பில்தான் கரைந்திருக்கின்றன. முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியைச் சூடாக்கும்போது சாஸிலேயே கலந்துவிடுங்கள். அன்றைக்கே பரிமாற வேண்டுமானால் கரண்டியின் முதுகை மேலே சாய்த்து மொண்டு எடுக்கலாம். பிஸ்கட் பொடி சேர்ப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். பொடி போட்ட பிறகு கொழுப்பு அதோடு பிணைந்துகொள்ளும்.

“கசக்கிறது”

பாப்ரிகாவோ மிளகாய்த்தூளோ காய்ந்த எண்ணெயில் நேராக விழுந்து கருகியிருக்கும். இந்தச் சாஸில் தாளிப்பே கிடையாது, தூள் எல்லாம் தண்ணீரில்தான் விழ வேண்டும். கருகிய கசப்பு எதைச் செய்தாலும் போகாது, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கசப்பு இல்லாமல் நாக்கில் ஒரு இரும்புச் சுவை என்றால் சட்டியைப் பாருங்கள். வினிகரும் தக்காளியும் சேர்ந்த சாஸை இரும்புச் சட்டியில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடக் கூடாது.

“ரப்பர் மாதிரி இருக்கிறது”

பச்சை இறைச்சியில் முதலிலேயே உப்புப் போட்டுப் பிசைந்து வைத்தீர்களா? உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்து வெளியே இழுக்கிறது. அது வெந்ததும் துணுக்குகளைப் பிணைத்து, துள்ளும் பதத்தைக் கொடுக்கிறது. சாசேஜ் செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். சாஸுக்கு அது எதிரி. உப்பைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். வற்றிய பிறகு சுவை பார்த்துப் போடுவதால் கரிப்பும் மிஞ்சாது.

இதயம் சேர்த்துச் செய்தவர்கள் என்றால் வெள்ளை நரம்பு, உள்சவ்வு, மேலே ஒட்டிய கொழுப்பு மூன்றையும் சுத்தமாக எடுத்தீர்களா என்று பாருங்கள். சுத்தம் செய்த இதயம் கெட்டியான, நல்ல சிவப்பு இறைச்சி. அதன் ஆழமான சுவையை வேறெதிலும் நான் கண்டதில்லை. மூன்றில் ஒரு பங்கு இதயம், மீதி சாதாரண இறைச்சி என்று தொடங்கினால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

“சாசேஜ் வெடித்துவிடுகிறது”, “தோல் இழுக்கிறது”, “கடித்தால் சடக் என்று உடையவில்லை”

கோனிக்குப் பொருத்தமானது ஆட்டுக் குடலின் மெல்லிய தோல் போட்ட சாசேஜ். முதல் கடியில் தோல் சடக் என்று உடைந்து சாறு வர வேண்டும். அந்த ஓசை கேட்காத கோனியை மிச்சிகன்காரர்கள் பாதிக் கோனியாகத்தான் எண்ணுவார்கள்.

வெடிப்பதற்குக் காரணம் அவசரம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாசேஜைத் தகிக்கும் தோசைக்கல்லில் போட்டால் வெளியே தோல் சுருங்குகிறது, உள்ளே நீர் ஆவியாகி விரிகிறது. நடுவில் கிழியாமல் என்ன செய்யும்? கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் இதே கதி. 15 நிமிடம் வெளியே வைத்திருந்து, கல்லை மிதமான தீயில் காயவைத்து, 8 முதல் 10 நிமிடம் உருட்டி உருட்டிச் சூடேற்றுங்கள். டெட்ராயிட் கடைகளின் கல்லைக் கவனித்தால் சாசேஜ்கள் ஓரத்தில் வரிசையாகக் கிடந்து மெல்லச் சூடேறிக்கொண்டிருக்கும். யாரும் அவசரப்படுத்துவதில்லை. முள்கரண்டியால் குத்தவும் கூடாது. குத்தினால் வெடிக்காது, ஆனால் சாறு எல்லாம் கல்லில் போய்விடும்.

தோல் இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் பெரும்பாலும் மேலே ஈரம். தண்ணீரில் சூடாக்கி அப்படியே பன்னில் வைத்திருப்பீர்கள். நீரிலிருந்து எடுத்த சாசேஜைத் துணியில் ஒற்றி, கல்லில் இரண்டு நிமிடம் உருட்டினால் தோல் மறுபடி விறைக்கும். தண்ணீரில் சூடாக்குவதானால் அடியில் குமிழ்கள் எழும், ஆனால் தளதளக்காத நிலை, சுமார் 80 டிகிரி செல்சியஸ், 7 நிமிடம்.

இந்தியாவில் உறைந்து வரும் கோழி சாசேஜ் பெரும்பாலும் தோலில்லாதது. அதில் சடக் ஓசையை எதிர்பார்த்து மெனக்கெட வேண்டாம். முழுவதும் உறைநீக்கி, ஈரத்தை ஒற்றி, மேலே சாய்வாக மெல்லிய கீறல்கள் போட்டு, சிறிது வெண்ணெயில் பொன்னிறமாக வாட்டினால் ஓரளவு மொறுமொறுப்புக் கிடைக்கும். சில வகைகளில் சாப்பிடக் கூடாத உறை இருக்கும். பொட்டலத்தைப் படித்து, உரித்துவிட்டு வாட்டுங்கள்.

நியூ ஜெர்சியின் பாட்டர்சன் நகரத்து ‘ஹாட் டெக்ஸாஸ் வீனர்’ மட்டும் இந்த விதிக்கு வெளியே. அங்கே சாசேஜை எண்ணெயில் முழுக்கப் பொரிக்கிறார்கள். தோல் சுருங்கி வெடித்திருப்பதுதான் அங்கே அழகு. பெயரில் டெக்ஸாஸ் இருந்தாலும் அதையும் பரப்பியவர்கள் கிரேக்கர்கள்தான்.

“பன் ஊறிக் கிழிகிறது”, “பன் முதுகில் பிளக்கிறது”

சாஸுக்காக இரண்டு மணி நேரம் செலவழித்துவிட்டு, பன்னைப் பொட்டலத்திலிருந்து எடுத்த கையோடு நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பாதி அனுபவம் பன்னில்தான் இருக்கிறது.

முதுகில் பிளந்தால் பன் காய்ந்திருக்கிறது. குளிர்பெட்டியில் வைத்த பன் வேகமாகக் காய்ந்துபோகும். நீர் வெளியேறாவிட்டால்கூட மாவுச்சத்து இறுகிவிடுகிறது. ஆவி அதைத் தளர்த்தும். இதற்கு நம் வீட்டு இட்லிப் பானையைவிடச் சிறந்த கருவி கிடையாது. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் தட்டில் உலர்ந்த துணி விரித்து, பன்னைப் பிரிக்காமல் மூடியபடியே வைத்து, 40 நொடி. ஒரு நிமிடம் தாண்டக் கூடாது. மூடியின் உள்பக்கத்தில் துணி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியில் கூடும் நீர்த்துளி சொட்டி, விழுந்த இடமெல்லாம் பிசின் மாதிரி ஆகிவிடும். பன் கையில் கனமில்லாமல், அழுத்தினால் மெல்ல எழும்பி வர வேண்டும்.

ஊறிக் கிழிந்தால் மூன்றில் ஒன்று: சாஸில் நீர் வளையம் இருந்தது, சாசேஜ் ஈரமாக இருந்தது, அல்லது நிரப்பி வைத்துவிட்டு ஆள் வரக் காத்திருந்தீர்கள். ஒரு கோனிக்கு 3 மேசைக்கரண்டி சாஸ் போதும். அதற்கு மேல் போனால் எந்தப் பன்னும் தாங்காது.

நம் ஊர் பேக்கரி பன் வட்டமானது, இனிப்பானது. நீளப் பன் கிடைக்காத இடத்தில் பால் பிரெட்டைத் தடிமனாக வெட்டி, ஆவி காட்டி, நீளவாக்கில் மடித்துப் பிடிக்கலாம். வட்ட பன்னுக்குள் சாசேஜைத் துண்டாக்கி அடைப்பதைவிட அது மேல்.

“வெங்காயம் நாக்கைக் கிழிக்கிறது”

நறுக்கி நெடுநேரம் வைத்தால் காட்டம் ஏறும். சாப்பிடும் நேரத்துக்கு நறுக்குங்கள். நறுக்கியதை ஐஸ் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு, வடிகட்டி, துணியில் நன்றாகப் பிழிந்து எடுத்தால் நறநறப்பு நிற்கும், காட்டம் போய்விடும். பிழிவதை மறந்தால் அந்த நீர் நேராகப் பன்னுக்குப் போகிறது. சின்ன வெங்காயம் இதற்கு வேண்டாம், அதன் காரம் கடுகு சாஸோடு மோதும்.

நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் பிளாட்ஸ்பர்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இந்த ஹாட் டாகுக்குப் பெயரே ‘மிச்சிகன்’. மிச்சிகனில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே வெங்காயத்தைச் சாசேஜுக்கு அடியில் ‘புதைத்து’க் கேட்கலாம். வெங்காயம் சிந்துகிறது என்று புகார் சொல்லும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு.

கடுகு சாஸ் பற்றி ஒரு வரி: மஞ்சள் நிறத்தில், புளிப்பாக, மூக்கில் ஏறாமல் இருக்கும் சாதாரண வகைதான் வேண்டும். மூக்கில் ஏறும் வகை சாஸை அடித்துவிடும்.

“சீஸ் பிசுபிசுவென்று ஒரே கட்டியாகிறது”

சின்சினாட்டியின் சீஸ் கோனியில் சீஸ் உருகக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே பன்னில் கடுகு சாஸ், சிறிய சாசேஜ், சில்லி, வெங்காயம், அதன்மேல் பூந்துருவலாகச் செடார் சீஸ் ஒரு குன்று. அடிப்பகுதி மட்டும் சூட்டில் இளகும், மேலே பஞ்சு போல நிற்கும். சீஸ் கட்டியைக் குளிர்ச்சியாகவே எடுத்து, மிகச் சிறிய துளையில் நீங்களே துருவி, கடைசி நொடியில் தூவுங்கள். அடுப்பில் காட்டாதீர்கள். செடார் இல்லாமல் பீட்சா சீஸ் போட்டால் நூலாக இழுக்கும், சுவையும் தட்டையாக இருக்கும்.

“வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம்”

ஆட்டுக் கொத்துக்கறியில் மிக நன்றாக வருகிறது. கிரேக்கர்களும் ஆடு சமைக்கிறவர்கள்தான். கொழுப்பு வாசனை மிஞ்சாமல் இருக்க உறைந்த கொழுப்பு முழுவதையும் எடுத்துவிட்டு, வெண்ணெய் ஒரு தேக்கரண்டி சேருங்கள். கோழி என்றால் தொடைக்கறி மட்டும். நெஞ்சுக்கறி இவ்வளவு நேரம் கொதித்தால் நார் நாராகக் காய்ந்துவிடும். கோழிக்கு 35 நிமிடம் போதும், தண்ணீரையும் 350 மில்லியாகக் குறையுங்கள்.

சைவத்துக்கு மீல் மேக்கர் குருணை பயன்படுகிறது, பதத்தில் ஃபிளிண்ட் பொடிக்கு ஆச்சரியமான அளவு நெருக்கம். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை கழுவி, முடிந்த மட்டும் பிழியுங்கள். பிழியாத சோயாவின் வாசனை எந்த மசாலாவுக்கும் அடங்காது. ருசியின் ஆழத்துக்குக் காளானை நைசாக அரைத்து, நீர் வற்றும்வரை வதக்கிச் சேர்க்கலாம்.

“மறுநாள் சூடாக்கினால் அடிபிடிக்கிறது, மேலே ஏடு கட்டுகிறது”

மறுநாள் சாஸ்தான் உண்மையில் சிறந்தது. மசாலா ஒன்றோடொன்று பழகியிருக்கும். பிஸ்கட் பொடி இரவெல்லாம் நீர் குடித்துக் கெட்டியாகியிருப்பதால் கால் கப் வெந்நீர் விட்டு, சிறு தீயில் கிளறிச் சூடாக்க வேண்டும். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அடுப்பில் வைத்திருப்பதானால் 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல், மூடி சற்றே சாய்ந்தபடி வையுங்கள்.

செய்த சாஸ் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். அகலமான பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். 3 நாள் நன்றாக இருக்கும். உறையவைத்தால் 3 மாதம்.

“எல்லாம் சரி, ஆனாலும் கடையில் சாப்பிட்ட மாதிரி இல்லை”

இந்தக் கேள்வியோடு நான் நெடுநாள் அலைந்தேன். கடைசியில் கடைக்குப் போய் உட்கார்ந்து, சாப்பிடாமல் கைகளை மட்டும் பார்த்தேன். கேட்ட நொடிக்கும் தட்டு மேசையைத் தொட்ட நொடிக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பன் ஆவியிலிருந்து வருகிறது, சாசேஜ் கல்லிலிருந்து வருகிறது, சாஸ் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெங்காயம் மட்டும் குளிர்ந்திருக்கிறது. அந்தச் சூடும் குளிர்ச்சியும் ஒரே கடியில் சேர்வதைத்தான் நான் வீட்டில் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு கோனியை ஒரே தடவையில் அடுக்கி, எல்லோரையும் கூப்பிட்டு, தண்ணீர் எடுத்து வைத்து உட்காருவதற்குள் எல்லாம் ஒரே வெதுவெதுப்புக்கு வந்துவிடும்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸில், ‘நியூயார்க் சிஸ்டம்’ என்று பெயர் வைத்த கடைகளில் பரிமாறுபவர் முழங்கை வரை பன்களை வரிசையாகக் கைமேல் அடுக்கி, சாசேஜ், கடுகு சாஸ், இறைச்சி சாஸ், வெங்காயம், செலரி உப்பு என்று ஒரே ஓட்டத்தில் போட்டுக்கொண்டே போவார். பக்கத்தில் ஒரு குவளை காபி பால், அதாவது இனிப்பான காபி சிரப் கலந்த குளிர்ந்த பால். 1993 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ பானம் அது, நம் நாக்குக்கும் உடனே பிடித்துவிடும். வேகத்துக்காகத்தான் அந்தக் கை அடுக்கு. வீட்டில் நாம் கையில் அடுக்க வேண்டாம், ஆனால் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் வீட்டில் முதலில் எல்லோரும் உட்காருகிறார்கள். தட்டு, துடைக்கத் துணி, முள்கரண்டி மூன்றும் மேசையில். முள்கரண்டியால் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, டெட்ராயிட்காரர்கள் பலர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சாசேஜை நீளவாக்கில் நாலாகக் கீறி, அப்புறம் சிறு துண்டாக்கிவிடுவோம், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். இட்லிப் பானையில் இரண்டு இரண்டு பன்னாக ஏற்றுகிறேன். பன், சாசேஜ், சாஸ், கடுகு சாஸ், பிழிந்த வெங்காயம். இரண்டு தயாரானதும் அந்த இரண்டு பேர் சாப்பிடத் தொடங்கிவிட வேண்டும், மற்றவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. நான் கடைசியில், அடுப்பு அணைப்பதற்கு முன்னால், நின்றபடியே என்னுடையதைச் சாப்பிடுகிறேன்.